பதினேழு வீட்டுக் கொலு

அன்றைக்குக் கொலுப்படியில் எத்தனை பொம்மைகள் இருந்தன என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நாற்பத்தொன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்து நான்கு என்கிறார் வசுமதி மாமி. ஹாபுல்தாவைக் கேட்டால் நூறுக்குக் குறையாது என்பார். அவருக்கு எல்லாமே நூறுக்குக் குறையாது. நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பதிலும் இதே குழப்பம்தான். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொன்னேன் என்று சந்தே சாட்சி சொல்கிறது. எனக்கு அப்படி நினைவில்லை. ஆனால் நான் பேசுவது குறைவு என்பதால், பேசிய ஒன்றிரண்டை என்னைவிட மற்றவர்கள்தான் நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

எங்கள் சந்து, வங்காளிகள் நிறைந்த இந்த ஊரில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பதினெட்டு வீடுகள். எல்லாம் எண்பது, தொண்ணூறு வருஷத்துக் கட்டடங்கள். பச்சைச் சட்டம் போட்ட ஜன்னல்கள், சிவப்புச் சிமென்ட் தரை, ஒவ்வொரு மாடி விளிம்பிலும் யாரும் நடாமலே முளைத்த ஓர் அரசங்கன்று. ஒரு காலத்தில் பாதி வீடுகளில் தமிழர்கள் இருந்தார்களாம். நான் குடிவந்தபோது மிச்சமிருந்தது ஒரே வீடு. கீழே மாமி, மேலே நான். பதினொரு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சையெல்லாம் தொகுத்தால் ஒரு பக்கம் வராது. "தண்ணி வந்துடுத்தா?" என்பார். "வந்துடுத்து" என்பேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவருக்கும் போதும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மாமி முப்பத்தாறு வருஷம் வங்கியில் அதிகாரியாக இருந்தவர். காலை எட்டரைக்குக் குடையோடு கிளம்பி, இருட்டியபின் குடையோடு திரும்புவார். சந்துக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குடைதான். ஓய்வு பெற்ற மறுவருஷம் கணவர் போய்விட்டார். ஒரே மகன் ஜெய்ராமுக்குப் பெங்களூரில் வேலை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை மாமி குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல், சமையல்காரப் பெண் வரும்வரை இரண்டு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பூனை எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். இதை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து நான் மருந்து வாங்கிக்கொண்டு கீழே போனபோது, மாமி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கம் ஜெய்ராம்.

"உனக்கு ஒண்ணுன்னா ஓடி வர அஞ்சு பேர் சொல்லும்மா. அஞ்சே அஞ்சு. நான் வாயை மூடிக்கறேன்."

"பூர்ணிமா இருக்கா."

"அவ லேக் கார்டன்ஸை விட்டு ஆஸ்திரேலியா போய் ஆறு வருஷமாச்சு."

"கிரிதர் மாமா."

"அவர் காரியத்துக்கு நீதானே போயிட்டு வந்தே?"

மாமி ஒரு வெண்டைக்காயைத் தூக்கிப் பார்த்து, முற்றல் என்று ஒதுக்கினார். "பெஹாலாவுல லக்ஷ்மிநாராயணன் இருக்காரே?"

"அவருக்கு எண்பத்தேழு வயசு. நீ விழுந்தா அவர் ஓடி வருவாரா?"

"ஓடி வரமாட்டார். ஆட்டோல வருவார்."

"அம்மா!"

"மேல ஸ்ரீநாத் இருக்கார்டா."

"நீ விழுந்த அன்னிக்கும் அவர் மேலதானே இருந்தார்?"

நான் மருந்துச் சீட்டைக் கவனமாகப் படித்தேன். தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின்.

"நான் தசமி அன்னிக்கு வரேன்" என்றான் ஜெய்ராம். குரலில் கோபமில்லை, தூங்காத களைப்புதான் இருந்தது. "நாலு நாள் லீவ் போட்டிருக்கேன். பேக் பண்ணி உன்னை அழைச்சுண்டு போறேன். அந்தச் சந்துல உன்னை யாருக்கும் தெரியாதும்மா. உனக்கும் யாரையும் தெரியாது."

போனை வைத்தபின் மாமி எல்லா வெண்டைக்காயையும் நறுக்கி முடித்தார். பிறகுதான் பேசினார்.

"அவன் இருக்கறது பதினாலாவது மாடி. பால்கனில நின்னா பருந்து தெரியறது. மனுஷாதான் தெரியல. நான் போகமாட்டேன், ஸ்ரீநாத்."

"சரி, மாமி."

"ஆனா அவன் சொல்றதும் நிஜம்தான். நாப்பது வருஷமா இங்க இருக்கேன். எதிர்வீட்டுக்காரி பேர் எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. இருவரும் கொஞ்ச நேரம் எதிர்வீட்டைப் பார்த்தோம்.

செப்டம்பர் கடைசியில் மாமி மாடியேறி வந்தார். பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "கொலு வைக்கப்போறேன். சந்து முழுக்கக் கூப்பிடப்போறேன்."

நான் தயங்கினேன். அதை அவர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்.

"அவர் போனப்புறம் நான் கொலு வைக்கலாமா, குங்குமம் குடுக்கலாமான்னு யோசிக்கறேளா? படாதுன்னு சொல்லவேண்டியவா எல்லாரும் சென்னைக்குப் போயாச்சு. இனிமே இந்தச் சந்துல சாஸ்திரம் நான் சொல்றதுதான்."

"நான் அதை யோசிக்கலை, மாமி."

"பின்ன?"

"சந்து முழுக்கன்னா நிறையப் பேர் வருவாளே."

"அதுக்குத்தானே கூப்பிடறது? உங்க புஸ்தகமெல்லாம் வேணும். படி கட்டணும்."

அப்படியாக என்னுடைய இருநூற்றுச் சொச்சம் புத்தகங்கள் கீழே இறங்கி, ஏழு படியாக அடுக்கப்பட்டு, வெள்ளை வேட்டிக்கு அடியில் போயின. ஒன்றை மட்டும் நான் ஒளித்து வைத்துக்கொண்டேன். பரணிலிருந்து பொம்மைப் பெட்டி இறங்கியது. தசாவதாரம், ராமர் செட்டு, காளிங்க நர்த்தனம், கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார், அவர் மனைவி, மரப்பாச்சி ஜோடி. எல்லாம் மாமி கல்யாணமான புதிதில் வருஷத்துக்கு இரண்டு மூன்றாகத் தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை.

அடுத்தது அழைப்பு. எங்கள் சந்தில் யாரையாவது கூப்பிட வேண்டுமானால் வீடு வீடாகப் போகத் தேவையில்லை. ஹாபுல்தாவிடம் சொன்னால் போதும். சந்து முனைக் கிளப்பின் செயலாளர், ஐம்பத்தைந்து வயது, துர்க்கா பூஜையின் ஐந்து நாளும் மைக் அவர் கையில். மாமி என்னைத்தான் அனுப்பினார். "நீங்கதான் வங்காளி நன்னாப் படிப்பேளே" என்றார். படிப்பது வேறு, ஹாபுல்தாவிடம் பேசுவது வேறு.

கிளப்பில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்த ஹாபுல்தா நான் சொன்னதை ஆர்வமாகக் கேட்டார்.

"படி படியா டாக்கூரா? நாற்பது சாமி ஒரே வீட்டில்? ஆரே பாப்ரே! மண்ணா?"

"மண்."

"சரி, நாங்கள் வந்து என்ன செய்ய வேண்டும்? பந்தல் மாதிரி பார்த்துவிட்டு வரிசையாக வெளியே போய்விட வேண்டுமா?"

தாம்பூலம் என்றால் என்ன, பையில் என்னென்ன இருக்கும், அதை ஏன் மறுக்கக் கூடாது என்பதையெல்லாம் வங்காளியில் விளக்கினால் அரைமணி நேரம் ஆகும். நான் சுருக்கமாகச் சொன்னேன். "பார்க்கலாம், பிரசாதம் சாப்பிடலாம். போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. வீட்டுக்காரம்மா வருத்தப்படுவார்." இவ்வளவுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். "ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றும் சொன்னதாக ஹாபுல்தா சத்தியம் செய்கிறார். சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அஷ்டமியன்று காலை, தொலைந்துபோன ஒரு குடைக்கும் பிரசாதச் சாப்பாட்டுக் கூப்பனுக்கும் நடுவே, மைக்கில் அறிவிப்பு வந்தது. நாளை மாலை ஆறு மணிக்குப் பதினோராம் நம்பர் மாசிமா வீட்டில் நாற்பது டாக்கூர் தரிசனம், அனைவரும் வருக, தென்னிந்திய வழக்கப்படி யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, திரும்பினால் மாசிமா மனம் உடைந்துபோவார். மாசிமா, அதாவது மாமி, காப்பியோடு ஜன்னலில் நின்று கேட்டார். "எவ்வளவு அழகாச் சொல்றார் பாருங்கோ" என்றார்.

நவமி மாலைக்கு மாமி பன்னிரண்டு தாம்பூலப் பைகள் தயார் செய்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், சீப்பு, ஒரு சின்னக் கண்ணாடி. பன்னிரண்டு பேர் வந்தாலே பெரிது என்பது அவர் கணக்கு. இரண்டு படி கொண்டைக்கடலைச் சுண்டல். என்னைப் படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"கூட்டத்துல யாராவது இடிச்சுடுவா. ஒரு பொம்மைகூடக் கீழ விழாமப் பாத்துக்கோங்கோ. அது போதும்."

பார்த்துக்கொண்டேன். ஒரு பொம்மைகூடக் கீழே விழவில்லை.

ஆறு மணிக்கு ஒரு பெண்மணி வந்தார். ஆறு ஐந்துக்கு ஒரு குடும்பம் வந்தது. ஆறேகாலுக்கு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. புதுப்புடவை, பட்டு ஜிப்பா, வேர்வை, சென்ட். சந்து முழுக்க வீட்டுக்குள் இருந்தது. பன்னிரண்டு பைகளும் கால் மணியில் தீர்ந்தன. சுண்டலும் தீர்ந்தது. மாமி அடுத்த குக்கரை ஏற்ற உள்ளே ஓடினார். நான் ஒளித்து வைத்திருந்த புத்தகத்தை மடியில் விரித்தேன். சத்தம் அதிகமாக இருக்கும் இடத்தில் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

நாலாம் நம்பர் சன்யால் பாபு படியின் முன்னால் வந்து நின்றது நினைவிருக்கிறது. ஓய்வுபெற்ற பேராசிரியர். யாரிடமும் பேசாதவர், அதனாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை. ரொம்ப நேரம் ஒவ்வொரு படியாகப் பார்த்தார். பிறகு என்னை நோக்கித் தலையசைத்தார். விடைபெறுகிறார் என்று நானும் தலையசைத்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினேன். அவர் செட்டியாரை எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். என் தலையசைப்பையும் பார்த்தார்கள். அதன்பிறகு ஒவ்வொருவரும் என்னிடம் ஒருமுறை தலையசைத்தார்கள். எவ்வளவு பண்பான சந்து என்று நினைத்துக்கொண்டே நானும் எல்லோருக்கும் தலையசைத்தேன்.

மாமி இரண்டாம் தடவைச் சுண்டலோடு வெளியே வந்தபோது கூடத்தில் யாருமில்லை. ஏழு படி வெள்ளை வேட்டி. உச்சியில் கலசம். கீழ்ப்படி ஓரத்தில் செட்டியாரின் மனைவி, மரப்பாச்சி ஜோடி, சாயம் போன ஏழெட்டு பொம்மைகள்.

"ஸ்ரீநாத், பொம்மையெல்லாம் எங்கே?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன்.

"ஒண்ணும் விழலை, மாமி" என்றேன்.

மறுநாள் காலை ஹாபுல்தாவைத் தேடிப் போனோம். அவர் லாரிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மாசிமா! என்ன ஒரு ஏற்பாடு! ராத்திரி முழுக்க எல்லோரும் இதைத்தான் பேசினார்கள். மண் டாக்கூரைத் தசமிக்கு மேல் வீட்டில் வைத்திருக்கலாமா? கூடாது. நீங்களோ தனி ஆள், முட்டிவலி. நாற்பதையும் கங்கைக்கு எப்படித் தூக்கிப்போவீர்கள்? ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள்! கவலையே வேண்டாம். நாலு மணிக்கு லாரி. துர்க்கா அம்மாவோடு சேர்த்து எல்லாவற்றையும் நல்லபடியாகக் கரைத்துவிடுகிறோம்."

மாமி போட்ட சத்தம் பந்தலுக்குள் தூங்கிக்கொண்டிருந்த டாக்கு மேளக்காரர்களை எழுப்பியது. விஷயம் புரிந்ததும் ஹாபுல்தா தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "கரைக்கமாட்டீர்களா? பரணிலா? வருஷா வருஷம் அதே டாக்கூரா?" அவருக்கு அது தாங்கவில்லை. எழுந்து மைக்கை நோக்கி ஓடப்போனவரை மாமி பிடித்து நிறுத்தினார். "மைக்கு வேண்டாம்! உங்க மைக்கே வேண்டாம். நானே போறேன்."

கூடையை நான் தூக்கிக்கொண்டேன். மாமி முன்னால் நடந்தார். பத்து மணி, நாலு மணிக்குள் பதினேழு வீடு.

எதிர்வீட்டுக்காரி பெயர் மிட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தசமியன்று பெண்கள் ஒருவருக்கொருவர் பூசி ஆடும் சிந்தூர விளையாட்டில் முகமெல்லாம் சிவப்பாகக் கதவைத் திறந்தாள். ராமர் அவள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல், ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் நின்றார்.

"கொண்டுபோங்கள், மாசிமா. ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான். விசர்ஜனம் ஆகும்வரை பிஜோயா இனிப்பு கொடுக்கக் கூடாது. லூச்சிக்கு அந்த விதியில்லை."

"நேரமில்லைம்மா."

"நாற்பது வருஷம் நேரமில்லை. இன்றைக்கு முதன்முதலாக வந்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு அனுப்பினால் போய்ச் சேர்ந்த என் மாமியார் மேலிருந்து திட்டுவார்."

மாமி உட்கார்ந்தார். தேங்காய் போட்ட கடலைப்பருப்போடு, வெள்ளைப் பூரி மாதிரி லூச்சி வந்தது. சாப்பிட்டுவிட்டு, "இது நம்மாத்துக் கூட்டுக்கு அக்கா மாதிரின்னா இருக்கு" என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். மிட்டு இன்னும் இரண்டு லூச்சி போட்டாள்.

அந்த வேகத்தில் போனால் பதினேழு வீடு தாங்காது என்று எனக்கு உடனே புரிந்தது. சீதை பதினான்காம் நம்பரில் டி.வி.க்கு மேல் இருந்தார். லட்சுமணன் ஒரு ஹோமியோபதி டாக்டரின் மேசையில் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருந்தான். மாமி அங்கே முட்டிவலிக்கு உருண்டைகள் வாங்கிக்கொண்டார். ஒன்பதாம் நம்பரில் தாரா என்ற ஆறு வயதுப் பெண், காளிங்க நர்த்தனக் கிருஷ்ணரைக் குளிப்பாட்டிவிட்டிருந்தாள். ஷாம்பு போட்டு. கிருஷ்ணருக்கு மூக்கில்லை, வாயில்லை. காளிங்கன் ஒரு மண்ணுருண்டை.

"அழுக்காக இருந்தார்" என்றாள் தாரா.

மாமி அந்த முகமில்லாத கிருஷ்ணரைக் கையில் வைத்துப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்துக் கூடையைக் கீழே வைத்தேன். சிரித்தார். தோள் குலுங்க, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கணவர் போனபின் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மேல்வீட்டில் இருப்பவனுக்கு இதெல்லாம் தெரியும்.

சன்யால் பாபு மட்டும்தான் தகராறு செய்தார். செட்டியார் அவருடைய மேசையில் இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"நான் இவரைக் கரைக்கப்போவதில்லை" என்றார் சன்யால் பாபு. "இந்தச் சந்தில் பேசாமல் உட்காரத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்."

"அவர் பொண்டாட்டி அங்க தனியா உக்காந்திண்டிருக்கா" என்றார் மாமி.

"என் மனைவியும் பன்னிரண்டு வருஷமாக மகளோடு தில்லியில்தான் இருக்கிறாள். பழகிவிடும்."

"யாருக்கு? அவளுக்கா, உங்களுக்கா?"

சன்யால் பாபு செட்டியாரைக் கைக்குட்டையால் துடைத்துக் கூடையில் வைத்தார்.

ஜெய்ராம் வந்தபோது மணி இரண்டு. இந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. பலர் சொல்லிக் கேட்டதுதான். வாசற்கதவு திறந்து கிடந்தது. படிகள் முக்கால்வாசி காலி. மாமியின் போன் சமையலறையில் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. குளியலறைக்கு ஓடிப் பார்த்தான், இல்லை. தெருவுக்கு வந்து கத்தினான். எதிர் ஜன்னலிலிருந்து மிட்டு எட்டிப் பார்த்து, "மாசிமா இங்கே நாலு லூச்சி சாப்பிட்டுவிட்டுப் பதினான்குக்குப் போனார்" என்றாள். பதினான்கில், "டாக்டர் வீட்டில் பாருங்கள், முட்டிக்கு மருந்து வாங்கப் போகிறார்" என்றார்கள். டாக்டர், "ஒருநாளைக்கு மூன்று உருண்டை, காப்பி கூடாது என்றேன், முறைத்தார்" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் ஜெய்ராமுக்கு ஏதோ தின்னக் கொடுத்தார்கள். மறுக்கத் தெரியாதவன். கடைசியில் எங்களைக் கண்டுபிடித்தபோது அவனால் சரியாக மூச்சுவிட முடியவில்லை. பயத்தாலா லூச்சியாலா என்று தெரியவில்லை.

அப்போது மணி நாலு; மாமி லாரியின் மேல் இருந்தார்.

வாமனர் மட்டும் கிடைக்கவில்லை. ஹாபுல்தா முந்தின ராத்திரியே அவரைத் தன் கையாலேயே முதல் ஆளாக மகிஷாசுரனின் காலடியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு மறந்துபோயிருந்தார்; சிலையோடு அவரும் லாரியில் ஏறிவிட்டார். மாமி இரண்டு பேர் தோளைப் பிடித்து ஏறி, எருமைத் தலைக்கும் சிங்கத்துக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினார். டாக்கு மேளம் தொடங்கிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அம்மா! கீழ இறங்கு!"

"வந்துட்டியாடா? இரு, வாமனரோட குடை மட்டும் கைக்கு எட்டறது."

குடைக்கு மேல் எதுவும் எட்டவில்லை. மாமி கையை எடுத்துக்கொண்டார். "போகட்டும். அவர் ஒருத்தராவது கங்கையைப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். லாரி நகர்ந்தது. சந்தே பின்னால் ஆடிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்தபின் ஜெய்ராம் நேரே குழாயடிக்குப் போனான். முகம் கழுவினான். பழைய செய்தித்தாள்களை எடுத்துக் கூடத்தில் உட்கார்ந்தான். கூடையிலிருந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். எதை எதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அவன் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

"எல்லாரும் நல்லவாதான்மா" என்றான். "நான் இல்லேங்கலை. ஆனா இது பூஜை. நாளைக்குப் பந்தலைப் பிரிச்சா அவாவா கதவைச் சாத்திப்பா. நீயும் சாத்திப்பே. ஞாயித்துக்கிழமைக்கு உனக்கும் டிக்கெட் போட்டாச்சு."

அவன் சொன்னதில் தவறில்லை. பதினொரு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? மாமி ஜன்னலோரம் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். காகிதம் கசங்கும் சத்தம் மட்டும். நான் விரும்பும் வகை அமைதி இல்லை அது.

ஏழரை மணிக்கு லாரி திரும்பியது. விசர்ஜனம் முடிந்தால் பிஜோயா. எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போய்ப் பெரியவர்களை வணங்கி இனிப்பு சாப்பிட வேண்டும். பதினோராம் நம்பருக்கு அதுவரை யாரும் வந்ததில்லை. அன்றைக்கு முதலில் வந்தவர் ஹாபுல்தா. ஈரத் தலையோடு, குற்றவாளி மாதிரி உள்ளே வந்து மாமியின் காலைத் தொட்டார். நாரு என்னும் தேங்காய் உருண்டைப் பொட்டலத்தைக் கொடுத்தார். "வாமனரை மெதுவாகத்தான் இறக்கினேன், மாசிமா. குடையோடுதான் போனார்."

கிளம்புகிறேன் என்று எழுந்தார். மாமியும் எழுந்தார். ஜெய்ராம் அப்போதுதான் சுற்றி முடித்த பொம்மையை அவன் கையிலிருந்து வாங்கி ஹாபுல்தாவின் கையில் வைத்தார்.

"இது உங்கள் பொறுப்பு" என்றார். மாமியின் வங்காளி கவுன்டருக்குப் பின்னாலிருந்து பேசும் வங்காளி. நிபந்தனைகள் மட்டும் இருக்கும். "அடுத்த நவராத்திரி முதல்நாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். தண்ணீரில் போடக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது. ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும்."

ஹாபுல்தா பொம்மையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்.

"அம்மா, என்ன பண்றே?"

"நீ கட்டு."

மிட்டு வந்தாள். ராமர் அவளிடமே போனார். டாக்டர் வந்தார், லட்சுமணன் போனான். தாரா அம்மாவோடு வந்து முகமில்லாத கிருஷ்ணரை வாங்கிக்கொண்டு, இனிமேல் சோப்பு போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். பெரிய குடும்பங்களுக்கு இரண்டு, மூன்று. எட்டேகாலுக்கு அட்டைப்பெட்டியின் அடி தெரிந்தது.

"நான் ஒண்ணு கட்டக் கட்ட நீ ஒண்ணு குடுத்துண்டே இருக்கே."

"நன்னாக் கட்டறே. ஒண்ணும் உடையாது."

"நான் பெங்களூருக்குக் கட்டறேம்மா!"

"அது தெரியும். நான் பெங்களூர் வந்துட்டா அடுத்த வருஷம் பதினேழு ஆத்துக்காராளும் பொம்மையைத் தூக்கிண்டு எங்கடா போவா? பதினாலாவது மாடிக்கா?"

"நீயா வேணும்னே பண்றே."

"ஆமா. நேத்திக்கு இவர் தெரியாமப் பண்ணினார்" என்று என்னைக் காட்டினார். "இன்னிக்கு நான் தெரிஞ்சு பண்றேன். கதவைச் சாத்திப்பான்னு சொன்னியே? சாத்தட்டும். நான் தட்டுவேன். என் பொம்மை உள்ள இருக்கு. பூச்சி அரிச்சுதா, ஈரம் பட்டுதான்னு மாசம் ஒரு தடவை போய்ப் பார்க்கவேண்டாமா?"

ஜெய்ராம் காகிதத்தைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவைப் போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். ஏதோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தோம்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சன்யால் பாபு. கையில் ஒரு தட்டு சந்தேஷ் இனிப்பு. மாமியின் காலைத் தொடும் வயதில்லை அவருக்கு; கும்பிட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. எதுவும் கேட்கவுமில்லை. அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி எழுந்திருக்கவில்லை. மகனைப் பார்த்தார்.

ஜெய்ராம் பெட்டிக்குள் கையை விட்டான். ஒரு பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து ஒதுக்கினான். இன்னொன்றை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தான். செட்டியார். அவரை ஒரு கையிலும், கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு எழுந்து போய், இரண்டையும் சன்யால் பாபுவிடம் கொடுத்தான்.

"ஈரம் படக் கூடாது" என்று வங்காளியில் சொன்னான். "அடுத்த வருஷம் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை ஜெய்ராம் தனியாகத் திரும்பினான். மாமியின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். குளியலறையில் கைப்பிடியும், சறுக்காத விரிப்பும் போட்டுவிட்டுத்தான் போனான். இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறான். மாமி குளிர்காலத்தில் ஒரு மாதம் பெங்களூர் போய்வருகிறார்.

அடுத்த நவராத்திரிக்குப் பொம்மைகள் திரும்பி வந்தன, இரண்டு வரவில்லை. சன்யால் பாபு மார்ச் மாதமே தில்லிக்கு மனைவியிடம் போய்விட்டார். செட்டியாரையும் அவர் மனைவியையும் எடுத்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு மாமி இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. ஒன்பதாம் நம்பர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். தாராவின் குடும்பம் பெஹாலாவுக்குக் குடிபோய்விட்டது. கொலுவுக்கு முதல்நாள் கிருஷ்ணரோடு பஸ்ஸில் வருகிறார்கள். ஹாபுல்தாவுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. இன்னும் அவர்தான் செயலாளர். மிட்டு சுண்டல் செய்யக் கற்றுக்கொண்டு அதில் சர்க்கரை போடுகிறாள்.

மாமிக்கு எழுபது ஆகிறது. கீழ்வீட்டிலேயே இருக்கிறார். காலையில் நான் இறங்கிப் போகிறேன், காப்பி தருகிறார். செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். அதிகம் பேசுவதில்லை.